சொல்லுக்கு எத்தனை ரூபாய்? ஃப்ரீலான்ஸ் எழுத்து வேலை: கேள்வி பதில்

பெங்களூருவில் ஃப்ரீலான்ஸாக எழுதிப் பிழைக்க நினைக்கும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கம்பெனிகளுக்கான மொழிபெயர்ப்பு, செயலிகளில் வரும் வாசகங்கள், கையேடு, விளம்பரம் ஆகியவைதான் எனக்குத் தெரிந்த துறை. அதற்குள் நின்று பதில் சொல்கிறேன்.

அக்கா, ஐடி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாம் என்று இருக்கிறேன். கையில் எவ்வளவு இருந்தால் விடலாம்? (ஆர்., கே.ஆர்.புரம்)

ஆறு மாத வாடகையும் வீட்டுச் செலவும் தனியாக இருக்கட்டும். இந்த மாதம் முடித்த வேலைக்குப் பணம் அடுத்த மாதமே வரும் என்று கணக்குப் போடாதீர்கள். வேலை முடிந்து, பில் அனுப்பி, அது கம்பெனியின் கணக்குப் பிரிவைத் தாண்டி வர ஒன்றரை இரண்டு மாதம் சாதாரணமாக ஆகும்.

ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. கம்பெனியின் மருத்துவக் காப்பீடு நீங்கள் வெளியே வந்ததும் நின்றுவிடும். சொந்தமாக ஒரு பாலிசி இப்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம், அது சீக்கிரம் ஓடத் தொடங்கட்டும். வீடு மாற்றுவதாக இருந்தாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே மாற்றுங்கள். இந்த ஊர் வீட்டுக்காரர்கள் அட்வான்ஸோடு அதையும் கேட்பார்கள்.

சொல்லுக்கு எவ்வளவு கேட்கலாம்? (எம்., அல்சூர்)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் எந்தச் சொல்லை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ‘உங்கள் பணம் அனுப்பப்பட்டுவிட்டது’ என்பது தமிழில் மூன்று சொல். அதன் ஆங்கில மூலத்தில் ஐந்து. நம் மொழியில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆயிரம் சொல் ஆங்கிலக் கட்டுரை தமிழில் பெரும்பாலும் 800க்குக் கீழே இறங்கிவிடும். தமிழ்ச் சொல்லை எண்ணிப் பணம் தருகிறேன் என்று ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சி சொன்னால், உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கை இலவசமாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மூலச் சொல் எண்ணிக்கைதான் கணக்கு என்று வேலை தொடங்கும் முன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து உங்கள் கணக்கு. திருத்தமும் சரிபார்ப்பும் சேர்த்து ஒருவர் ஒழுங்காக முடிக்கக்கூடியது நாளுக்குச் சுமார் 2,000 சொல். மாதத்தில் பதினைந்து நாள் வேலை கிடைத்தால் 30,000. உங்களுக்கு மாதம் 60,000 ரூபாய் தேவையென்றால் சொல்லுக்கு இரண்டு ரூபாய்க்குக் குறைந்து நீங்கள் ஒப்புக்கொள்ள முடியாது. என் கட்டணத்தைக் கேட்டு அதையே போடுவதில் பயனில்லை. என் வாடகை வேறு, உங்கள் வாடகை வேறு.

தமிழ்ச் சொல்லைத்தான் எண்ணுவேன் என்று ஏஜென்சி பிடிவாதம் பிடித்தால், நான் ‘அனுப்பப் பட்டு விட்டது’ என்று பிரித்து எழுதிவிடுவேன். மூன்று சொல் ஆகிவிடும். இதில் என்ன தவறு? (எஸ்., பனசங்கரி)

தவறுதான். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வங்கிச் செயலியில் இதே வாசகத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கைப்பேசித் திரையில் வரி உடைந்து, ‘பட்டு விட்டது’ மட்டும் கீழ் வரியில் தனியாக நின்றது. பணம் போனதா இல்லையா என்று பதறிக்கொண்டு பார்க்கிற ஆளுக்கு அது என்ன சொல்லும்?

எஸ். சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய அச்சுப் புத்தகங்களில் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். (வி., ஜெயநகர்)

நான் திருத்துநர். இப்படிப் பிரித்து வருகிற கோப்பைச் சேர்த்துச் சேர்த்தே என் நாள் போகிறது. எனக்கு யார் கூலி தருவார்கள்? (டி., ஃப்ரேசர் டவுன்)

கட்டணத்தை ஏமாற்றுகிறவர்களிடம் வேறு எப்படிப் பிழைப்பது? (எஸ்., பனசங்கரி)

மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பழைய புத்தகங்களில் இரண்டு வழக்கமும் உண்டு, வி. சொல்வது சரி. ஆனால் அவர்கள் வாசிப்பை நினைத்துப் பிரித்தார்கள். எஸ். பில்லை நினைத்துப் பிரிக்கிறார். துணைவினையைச் சேர்த்தும் முதன்மை வினையைப் பிரித்தும் எழுதினால் பொருள் தெளிவாகிறது. குறித்துவைத்தார் என்கிற ‘எழுதிவைத்தார்’ வேறு, எழுதி, அதை மேசைமேல் வைத்தார் என்கிற ‘எழுதி வைத்தார்’ வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு ரூபாய்க்காகக் கலைத்தால், டி. மாதிரி ஒரு திருத்துநர் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். அடுத்த வேலைக்கு உங்கள் பெயரை அவர் சொல்லவும் மாட்டார்.

பிழைக்கும் வழி கேட்டீர்கள், எஸ். தமிழ்ச் சொல் கணக்குத்தான் என்றால் கட்டணத்தைக் கால் பங்கு ஏற்றிச் சொல்லுங்கள். 800 சொல்லுக்கு இரண்டரை ரூபாயும் ஆயிரத்துக்கு இரண்டு ரூபாயும் ஒன்றுதான். அதற்கும் ஒப்பவில்லையென்றால் அந்த ஏஜென்சி வேண்டாம். மொழியில் கை வைக்காமல் விலையில் கை வையுங்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஒரு கட்டுரைக்கு இப்போது என்ன ரேட்? (பெயர் வேண்டாம், பேகூர்)

மேலே எம்.முக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலை முடித்து நான்கு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. போன் போட்டால் ‘அடுத்த வாரம்’ என்கிறார்கள். (ஜி., ஒயிட்ஃபீல்டு)

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? தனியாளாக எழுதுகிறவரும் குறுந்தொழில் என்ற கணக்கில் பதியலாம். ஆதாரும் பானும் போதும், அரசு தளத்தில் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களுக்குள் போகாதீர்கள்.

2006ஆம் வருடச் சிறுகுறு நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிந்தவருக்கு எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எதுவும் பேசவில்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். சிறுதொழில் அமைச்சகத்தின் புகார் தளத்தில் புகார் கொடுத்தால், இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் மாநிலக் கவுன்சிலுக்கு அது போகும். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது. தவணை தாண்டி பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி அந்தக் கம்பெனி வரியில் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டுப் பாருங்கள், கணக்குப் பிரிவு பேசும் தொனியே மாறும்.

ஆனால் பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும். இப்போது நிற்கும் பாக்கிக்கு மின்னஞ்சல் கடிதங்களை எல்லாம் அடுக்கிவைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அடுத்த வேலைக்குப் பாதிப் பணம் முன்னாலேயே வாங்குங்கள், அதையும் எழுதி வாங்குங்கள்.

மாதிரிக்கு 1,500 சொல் இலவசமாக எழுதித் தரச் சொல்கிறார்கள். (பி., எலக்ட்ரானிக் சிட்டி)

200, 300 சொல் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் அது மாதிரி கிடையாது, வேலை.

புது ஆள் நான். சொல்லுக்கு... (என்., மாரத்தஹள்ளி)

தம்பி, எம்.முக்கான பதில். தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பத்திரிகையில் நான் எழுதிய தொடரை என்னிடம் கேட்காமல் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லை. உரிமை யாருக்கு? (கே., அல்சூர்)

உங்களுக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். சம்பளத்துக்கு எழுதுகிற ஊழியர் விஷயம் வேறு, நீங்கள் ஊழியர் இல்லை. உரிமையை மாற்றித்தருவதென்றால் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். தொடருக்குப் பணம் வாங்கியதால் புத்தக உரிமையும் போய்விட்டது என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பத்திரிகையில் வந்த தேதிகளோடு கடிதம் எழுதுங்கள், அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.

சினிமாவுக்கு வசனம் எழுத வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்? (ஐ., ஜாலஹள்ளி)

எனக்குத் தெரியாத உலகம். அங்கே வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள்.

பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு தருகிறார்கள். ஜிஎஸ்டி வேறு எடுக்க வேண்டுமா? (எல்., ஹெப்பால்)

அது டிடிஎஸ், பணம் தரும்போதே பிடித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் வரவு வந்திருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவு என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஜிஎஸ்டி பதிவு, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது.

கன்னடம் சரளமாகப் பேசுவேன், எழுத வராது. கற்றுக்கொண்டால் வேலை கிடைக்குமா? (யு., சிவாஜிநகர்)

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் குறைவு, நிறையப் பேர் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வருகிறார்கள். காதில் ஏற்கெனவே மொழி இருப்பதால் எழுத்து உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். கடைப் பலகை, பஸ் பலகை, பிறகு தினமும் ஒரு செய்தித்தாள் என்று போங்கள். ஏஜென்சியிடம் பேசும்போது இந்த மொழி ஜோடிக்குத் தனிக் கட்டணம் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்குச் சொன்னதையே சொல்லாதீர்கள்.