பெப்ரவரியில் நின்றுபோன வாசிப்பு

ஸ்தோத்திரம் அக்கா,

ஒரு வருஷத்துக்குள் வேதாகமம் முழுவதையும் வாசிக்கச் சொல்லி ஜனவரியில் சபையில் அட்டவணை கொடுத்தார்கள். பெப்ரவரியில், லேவியராகமத்தோடு நின்றுவிட்டேன். விடிவதற்கு முன் எழும்பி ரொட்டி சுட்டு, மகளைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகவேண்டும். இரவில் வேதத்தைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிறிஸ்தவளாக இருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. கொழுந்து எடுத்துக்கொண்டே ஜெபித்தால் அது ஜெபமாகுமா?

ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்த அட்டவணையை எடுத்து வையுங்கள். நம்முடைய வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்கவேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் ஆறு, அப்புறம் ஒன்பது. நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் உட்கார நேரமுள்ளவர்களுக்குப் போட்ட கணக்கு அது.

ஆதிச் சபையில் பெரும்பாலானவர்களுக்கு வாசிக்கத் தெரியாது, வீட்டில் வேதப் புத்தகமும் கிடையாது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அந்தக் காலத்து டிடாக்கே என்ற சிறு கையேடு, பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்கிறது. தானியேலும் மூன்று வேளைதான் முழங்காலில் நின்றார். நீங்களும் ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு தரம், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது ஒரு தரம், மகளைப் படுக்க வைக்கும்போது அவளுக்கும் கேட்கிற மாதிரி ஒரு தரம் சொல்லுங்கள். தோட்டத்தில் மணிக்கூட்டை நம்பி எதையும் வைக்க முடியாது. மழை பிடிக்கும், கொழுந்து கூடும். மா பிசைகிற வேலை மட்டும் தினமும் இருக்கும், அதோடு ஜெபத்தைக் கட்டிவிடுங்கள்.

வாசிப்புக்கு ஆரோகண சங்கீதங்களை எடுங்கள், 120 முதல் 134 வரை. எருசலேமுக்கு மலையேறிப் போனவர்கள் வழியில் பாடியவை என்று சொல்வார்கள். 132ஐத் தவிர எல்லாம் பத்து வசனத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒன்று போதும். 121இல் தொடங்குங்கள். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்று அது முடியும். பிள்ளைக்காம்பரா வாசலில் மகள் தலையில் கைவைத்து அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். சில நாளில் அவளே சொல்லித் தருவாள்.

கொழுந்து எடுக்கும்போது செய்வதும் ஜெபம்தான், தங்கச்சி. நெகேமியா ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கும் பானபாத்திரக்காரர். ராஜா கேள்வி கேட்டபோது, நின்ற இடத்திலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். வேலை நேரத்து ஜெபம் அது. அப்படியிருக்க, உங்களை ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவள் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அது மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு தரமாவது கை ஓய்ந்து ஆண்டவர் முன் உட்காரவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகளை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கோயிலிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். இதை அவரிடம் கேட்கத் தயங்கவேண்டாம்.

நடுவில் சில நாட்கள் விட்டுப்போனால் விட்டதைச் சேர்த்து வாசிக்காதீர்கள், அன்றைக்கு உரியதிலிருந்து தொடருங்கள். 15 சங்கீதங்களும் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்து மாற்கு சுவிசேஷத்தை எப்படிப் பிரித்து வாசிக்கலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா