அந்தத் தாளை அடுப்பில் போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. டெக்சாஸில் செவிலியராக இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். சென்ற ஆண்டு பெருந்துறைக்காரர் ஒருவரை மணந்தேன். மாணவராக அங்கே போன அவர், விசா முடிந்த பிறகும் தங்கியதால் 2018இல் குடியேற்ற நீதிபதியின் உத்தரவுப்படி திருப்பி அனுப்பப்பட்டவர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை மாற்றினால் பழைய கதை தெரியாது என்கிறார் ஒரு முகவர். பொங்கலுக்கு வந்திருந்தபோது, காப்புக்கட்டுக்கு வீடு ஒழித்த மாமியார், மஞ்சப்பையில் இருந்த அந்த உத்தரவை அடுப்பில் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். செய்தது சரிதானா?

வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் செய்தது சரி. எந்தப் பிரிவின்கீழ் அனுப்பினார்கள் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். மறுபடி அமெரிக்காவுக்குள் நுழையக்கூடாத தடைக்காலமும் அதைப் பொறுத்தே மாறும். விமான நிலையத்திலேயே தடுத்துத் திருப்பப்பட்டவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு, உங்கள் கணவரைப் போல வழக்கு நடந்து அனுப்பப்பட்டவர்களுக்கு 10 ஆண்டு, இரண்டாம் முறை என்றால் 20 ஆண்டு. இந்தப் 10 ஆண்டு, உத்தரவு போட்ட நாளிலிருந்து அல்லாமல் அவர் அந்நாட்டை விட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ணப்படுவதால், ஊர் திரும்பியபோது பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையையும், அதன்பின் இங்கேதான் இருந்தார் என்று காட்டும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றையும் அதே பையில் சேர்த்து வையுங்கள்.

முகவர் சொன்னதை இன்றே மறந்துவிடுங்கள். இனிஷியல் மாறலாம், அமெரிக்க அதிகாரிகளிடம் இருக்கும் கைரேகை மாறாது. முன்பு வெளியேற்றப்பட்டதுண்டா என்று விசா விண்ணப்பமே நேராகக் கேட்கிறது. என் பெரியப்பா மகன் ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு அதற்கு ‘இல்லை’ என்று எழுதினார். அவருடைய பழைய தடைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. பொய் சொன்னதற்காக வந்த தடை ஆயுளுக்கும் உரியது. அவர் மனைவி தனியாக இருந்த வருடங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மெக்சிகோ வழியாக அழைத்துப் போகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளியேற்றப்பட்டவர் எல்லை தாண்டி நுழைந்தால் அது குற்றம். அதன்பின் வெளியே 10 ஆண்டு இருந்த பிறகுதான் அனுமதி கேட்கவே முடியும்.

நேரான வழி இருக்கிறது. முதலில் மனைவியாக நீங்கள், கணவரை அங்கே குடியேற அழைக்கும் ஐ-130 மனுவைப் போடவேண்டும். இதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் முக்கியம். அருமைக்காரர் முன்னின்று நடத்தி வைத்த சீர்களின் படங்கள் துணைச் சான்றுதான். 10 ஆண்டு முடியுமுன் அவர் போகவேண்டுமானால் ஐ-212 என்ற முன் அனுமதி மனு தேவை. அனுமதியின்றித் தங்கிய காலத்துக்குத் தனித் தடை இருக்குமானால் ஐ-601 என்ற விலக்கு மனுவும் வேண்டும். மாணவர் விசாவில் அந்தக் காலத்தை எண்ணும் முறையே வேறு என்பதால், இதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் கோப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஐ-601 தேவைப்பட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவர் படும் துன்பமோ, இங்கிருக்கும் மாமியாரின் கண்ணீரோ அதில் கணக்கில் வராது. குடிமகளான உங்களுக்கு நேரும் கடுந்துன்பத்தைத்தான் பார்ப்பார்கள். அவரில்லாமல் அங்கே இருந்தால் என்ன ஆகும், வேலையை விட்டு இங்கே வந்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் எழுதவேண்டும். இரவுப் பணி முடிந்து பூட்டிய வீட்டுக்குத் திரும்புவதையும், உடல்நிலையையும், கடனையும், மருத்துவச் சீட்டும் வங்கித் தாளும் சேர்த்து நீங்களே எழுதுங்கள். கஷ்டத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்ந்த நம் பெண்களுக்கு இது எளிதல்ல என்று தெரியும், ஆனாலும் எழுதுங்கள்.

அந்தத் தாளில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அதை வைத்து அவருடைய முழுக் கோப்பின் நகலையும் அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். மனுப் போடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இப்போதைக்கு உத்தரவை இரண்டு நகல் எடுத்து ஒன்றை நீங்கள் கொண்டுபோங்கள், இன்னொன்று பெருந்துறையில் கணவரிடம் இருக்கட்டும்.