சிம்பன்சியை எதிரணி இழுத்தால்?

பட்டிமன்றத்தில் 'போர் மனிதனுக்கு மட்டுமே' அணியில் பேசப்போகிறீர்கள், சரி. சிம்பன்சிகளும் போர் செய்கின்றனவே என்று எதிரணி கேட்கலாம். ஆனால் கோம்பே காட்டுச் சிம்பன்சிகளை ஆய்வாளர்கள் வாழைப்பழம் கொடுத்துக் கெடுத்ததால்தான் அவை சண்டையிட்டன என்ற பதிலை நம்பி மேடை ஏறாதீர்கள். தான்சானியாவின் கோம்பேயில் 1974 முதல் 1978 வரை, பிரிந்துபோன கஹாமா கூட்டத்தின் ஆண்களைப் பழைய கூட்டாளிகளே ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டியதை சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலின் குழு பதிவு செய்தது. அங்கே பழம் கொடுத்தது உண்மைதான். உகாண்டாவின் கிபாலே காட்டில் யாரும் தீனி போடவில்லையே! அங்கேயும் சிம்பன்சிகள் பக்கத்துக் கூட்டத்தினரைக் கொன்று, 2009இல் அந்த நிலத்தையே பிடித்துக்கொண்டன.

உங்களுக்கு வேறு பிடி இருக்கிறது. இவை பெரும்பாலும் பல பேர் சேர்ந்து, தனியாகச் சிக்கியதை அடிக்கும் தாக்குதல்கள். போர் அறிவிப்பு, சமாதான ஒப்பந்தம் எதுவும் கிடையாது. என் கணக்கில் அது கூலிப்படை வேலை. அப்புறம், கூட்டமாக மோதும் எறும்புகளை எதிரணி இழுத்தால் கஷ்டம்தான். அதற்கும் தயாராகப் போங்கள்.