101-ல நிக்கிற முள்ளு

கடிதம்:

அன்புள்ள அண்ணாச்சி,

சொந்த ஊரு கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம், இப்ப பெங்களூர்ல வேலை. அப்பா தவறி ஒரு வருசம் ஆச்சு. போன மாசம் ஊருக்குப் போனப்ப அவரோட அலமாரிய ஒதுக்கினோம், பழைய ரேடியோ ஒண்ணும் ஒரு அட்டப்பெட்டி நெறைய கேசட்டும் இருந்துச்சு. ரேடியோ முள்ளு 101-லயே நிக்குது, அப்பா அத வேற எடத்துக்குத் திருப்பினதே இல்லன்னு அம்மா சொன்னாங்க. என் பிரண்டு ஒருத்தன், அது சும்மா டெல்லி, சென்னை நிகழ்ச்சிய வாங்கிப் போடுற குட்டி ஸ்டேஷன்தானன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நம்ம ஊரு ரேடியோவுக்குன்னு ஒரு வரலாறு இருக்கா?

செ., பெங்களூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

இருக்கு, நெறையவே இருக்கு. இந்தியாவுலயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம்ம நாகர்கோவில்தான், உங்க அப்பா முள்ளு நிக்கிற 101 அதோட எஃப்எம் அலைவரிசை. 1984 அக்டோபர் 30-ல தொடங்கினாங்க. இத உங்க பிரண்டுகிட்ட முதல்ல சொல்லுங்க.

தேதியப் பாத்தீங்களா, மறுநாள் 31-ந்தேதி காலையில டெல்லியில இந்திரா காந்திய சுட்டுட்டாங்க. பொறந்து ரெண்டாவது நாளே நாடே அழுத நாளு அந்த ஸ்டேஷனுக்கு. நான் அப்ப ஒன்பதாங்கிளாஸ், சாயங்காலம் வடசேரி வழியா நடந்து வாரேன், கடையெல்லாம் ஷட்டர் போடுறாங்க, ஒரு டீக்கடை முன்னால மட்டும் ரேடியோவ சுத்தி ஆளுங்க நிக்காங்க, சோக இசை போய்க்கிட்டே இருக்கு, யாரு கையிலயும் டீ இல்ல. ஆனா அந்த டீக்கடை செட்டுல எஃப்எம் கெடயாது, வெறும் மீடியம் வேவ்தான். அப்ப வீடுகள்ல இருந்த ரேடியோ முக்காவாசி அப்படித்தான். பண்பலைன்னு ஒரு ஸ்டேஷன் வந்தாச்சு, கேக்க செட்டு இல்ல. எங்களுக்கு எதுத்த வீட்டு மாமா மஸ்கட்டுல இருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் இருந்துச்சு, அதுல ஆன்டனாவ முழுசா இழுத்து நுனிய ஜன்னல் கம்பியில தொட வெச்சா இரைச்சல் அடங்கி குரல் தெளியும். அந்த ஜன்னல் கிட்ட நின்னுதான் நான் முதல்ல 101 கேட்டேன்.

அதுக்கு முன்னால நமக்கு யாரு இருந்தா? 1943-ல திருவனந்தபுரத்துல ரேடியோ நிலையம் வந்துச்சு, அப்ப நாமளும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேந்தோம், 1963-ல திருநெல்வேலி நிலையம் வந்துச்சு, பாட்டுக்கு இலங்கை வானொலி இருந்துச்சு. எல்லாம் நல்ல நிலையங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா திருவனந்தபுரம் பேசினது மலையாளம், திருநெல்வேலிக்கு தாமிரபரணிக்காரங்க கவலை, நடுவுல மலையும் கடலும் ரப்பரும் நெல்லுமா கெடந்த நம்ம காரியத்த நாள்தோறும் உக்காந்து பேச ஒரு எடம் இல்ல.

எங்க தாத்தாவுக்கு தேரூர் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. சென்னை செய்தியில மேட்டூர் நீர்மட்டம் வரும், அவருக்கு அதுல என்ன இருக்கு? பேச்சிப்பாறை அணையில 48 அடிக்கு எத்தன அடி நிக்கு, கால்வாய எப்பத் தெறப்பாங்கன்னு தெரிஞ்சாத்தான் கும்பப்பூ நெல்லுக்கு நாத்து பாவ முடியும். ரிக்கார்டரத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போயி ஆளுங்கள அவங்க பாஷையிலயே பேச வெச்சு பதிவு பண்ணிட்டு வாரதுதான் உள்ளூர் நிலையத்தோட வேலை. ஒருநாள் விவசாயி ஒருத்தர் பேசினது இப்பவும் காதுல நிக்கு, "கடைமடைக்கு வெள்ளம் வந்து சேரல்ல"ன்னாரு. மெட்ராஸ்ல வெள்ளம்னா ஊரையே அடிச்சிட்டுப் போறது, நமக்கு வெள்ளம்னா குடிக்கிற தண்ணி, பாய்ச்சுற தண்ணி. அந்தச் சொல்ல திருத்தாம அப்படியே போட்டாங்க. தாத்தா நிமிந்து உக்காந்து, "நம்ம ஆளுல்லா பேசுகான்"னு சொன்னாரு. எனக்கு ஊர் ரேடியோன்னா அதுதான் தம்பி.

உங்க பிரண்டு சொன்னதுல பாதி சரி. அந்தக் காலத்துல காலையில 7.15-க்கு டெல்லித் தமிழ்ச் செய்தி, சென்னையோட மாநிலச் செய்தி எல்லாம் வாங்கிப் போட்டதுதான். ஆனா தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி சொல்ல இந்த நாட்டுல அனுமதி இல்ல, 2019-ல இருந்துதான் ஆல் இந்தியா ரேடியோ செய்திய மாத்தாம அப்படியே எடுத்துப் போட விட்டாங்க. அதனால ஒரு மாவட்டத்தோட காரியத்த பேசுறதுக்கு இந்த நிலையத்த விட்டா ரேடியோவுல வேற நாதி கெடயாது. உள்ளூர் நேரத்த கொறச்சு கொறச்சு வெளியூர் நிகழ்ச்சியால நெரப்பினா எனக்கு வயிறு எரியுறது அதனாலதான்.

ஒண்ணு மட்டும் மனசு ஆறாது. 2017-ல ஒக்கி புயல் வந்தப்ப தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவங்க பல நாளு முன்னாலயே ஆழ்கடலுக்குப் போயிட்டாங்க, கரையில சொன்ன எச்சரிக்கை அங்க போய்ச் சேரல. பண்பலை அலை நேர்பார்வையில போறது, 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நம்ம மாவட்டத்துக்கு அது போதும், லட்சத்தீவு பக்கம் நிக்கிற போட்டுக்கு எட்டாது. எத்தனையோ பேரு திரும்பி வரல. கரைக்கு ஒரு ரேடியோ குடுத்த மாவட்டம், ஆழ்கடலுக்கும் எட்டுற மாதிரி ஒரு வழிய அன்னைக்கே பண்ணி வெச்சிருக்கணும்.

அந்த கேசட் பெட்டிய தூக்கிப் போட்டுராதீங்க. அந்தக் காலத்துல டேப் விலை கூட, நிகழ்ச்சி போனதும் அழிச்சு அதுலயே அடுத்தத பதிவு பண்றது ரேடியோவுல வழக்கம், அதனால நிலையத்துலயே இல்லாத குரலு உங்க அப்பா பெட்டியில இருந்தாலும் இருக்கும். பூஞ்சை புடிச்சிருந்தா பிளேயர்ல போடாதீங்க, நாடா அறுந்துரும், தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து சுத்தம் பண்ணிட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. மேல அப்பா கையெழுத்துல தேதி எழுதியிருந்தா அத மொதல்ல போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.