பன்னிரண்டு பேரில் அப்பா இல்லை

அன்புள்ள ஐயா,

என் அப்பா இந்திய ராணுவத்தின் மருத்துவ யூனிட்டான 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸில் நர்சிங் ஆர்டர்லி. 1950 நவம்பரிலேயே கொரியப் போருக்குப் போனவர். தென்கொரியாவில் முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்கர்களோடு பாராசூட்டில் குதித்தார் என்று சின்ன வயதிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவந்தேன். குதித்த பன்னிரண்டு பேரில் அவர் இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அவரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. துப்பாக்கியைக் கையில்கூட எடுக்காதவரைப் பாராசூட் வீரர் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வது பொய்யா? ராத்திரி எழுந்து வீட்டிலுள்ள வாளியெல்லாம் நிரப்பி வைப்பார், அம்மா திட்டுவார். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

பழைய போட்டோவில் அப்பா சட்டையில் பாராசூட் இறக்கை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயிற்சியில் குதித்துத் தேறியவர். பேச்சு முடிந்தது. துப்பாக்கி சமாசாரத்துக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். 1951 மார்ச் 23 அன்று மூவாயிரம் சொச்சம் அமெரிக்கர்களோடு யூனிட் தலைவர் டாக்டர் ஏ.ஜி.ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். ரங்கராஜ் மகாவீர் சக்ரா வாங்கினார். யூனிட்டில் முந்நூறு பேருக்கு மேல். மிச்சப் பேரெல்லாம் டீ குடித்துக்கொண்டா இருந்தார்கள்?

நானும் இதைச் செய்தவன்தான். என் அப்பா ராணுவத்தில் சமையல்காரர். எட்டாம் வகுப்பில் ‘எங்கப்பா டாங்க் ஓட்டுறாரு’ என்று அளந்துவிட்டேன். லீவில் வந்தவரிடம் ஒருத்தன் போய்க் கேட்டேவிட்டான். அப்பா திட்டவில்லை. மறுநாள் விடியற்காலையில் இருபது சப்பாத்தி போட்டு, டிபன் கேரியரில் அடுக்கி, ‘உன் சிநேகிதங்களுக்குக் குடு’ என்றார். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் விளிம்பு பிசகாது, அப்படி ஒரு வட்டம். வழியிலேயே நாய்க்குப் போட்டுவிட்டுப் போனேன். காலி கேரியரைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, உங்கள் வாளி. கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டு ‘அது மட்டும்தான்’ என்கிறீர்களே, மட்டுமா? 1950 டிசம்பர், வடகொரியத் தலைநகர் பியோங்யாங். சீனப் படை நெருங்குகிறது, எல்லோரும் தெற்கே ஓடுகிறார்கள். உங்கள் அப்பாவின் யூனிட்டுக்கு வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டுப் போனால் அப்புறம் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது? கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் பிடித்தார்கள். எஞ்சினில் தண்ணீர் இல்லை. அந்தக் குளிரில் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். பாலத்தை வெடிவைத்துத் தகர்ப்பதற்குள் சாமான்களோடு ஆற்றைத் தாண்டிவிட்டார்கள்.

அந்த வரிசையில் உங்கள் அப்பா நின்றாரா? அல்லது உங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்துதான் நிரப்பினாரா? எனக்கெப்படித் தெரியும்? அவரிடம் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். நீங்களோ அவரை விமானத்திலிருந்து தள்ளிவிடுவதிலேயே குறியாக இருந்திருக்கிறீர்கள்.

அம்மா இருக்கிறார்களா? இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் போய் உட்காருங்கள். கொரியா, முன்சான் எதையும் எடுக்காதீர்கள். எத்தனை வாளி, எந்தக் குழாய், என்ன சொல்லித் திட்டினார்கள் என்று கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.