போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பணி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: விளம்பரம் வராத ஆய்வகத்துக்கு நானாகவே எழுதிக் கேட்கலாமா?

தாராளமாக எழுதுங்கள். பல இடங்கள் விளம்பரமாக வெளிவருவதற்குள்ளேயே நிரம்பிவிடுகின்றன. ஆனால் ஒரே கடிதத்தை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அந்தக் குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடை கிடைக்காமல் நிற்பது எது, உங்கள் கைவசமுள்ள எந்த முறை அதற்கு உதவும் என்பதை இரண்டு பத்திகளில் சொல்லுங்கள்.

கேள்வி: பேராசிரியரின் திட்ட நிதியில் சேர்வதா, சொந்தமாக நல்கை (ஆய்வாளருக்கென்றே தரப்படும் உதவித்தொகை, ஃபெல்லோஷிப்) தேடுவதா?

முடிந்தால் சொந்த நல்கை. திட்ட நிதியில் சேர்ந்தால் ஆய்வுக் கேள்வியும் கெடுவும் பேராசிரியருடையவை. நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கையின் போஸ்ட்டாக் பிரிவுக்கு முனைவர் பட்டம் பெற்ற 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி நல்கையில் வேறொரு விதி உண்டு: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போக விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. 'முதலில் போய்ச் சேர்ந்துவிடுவோம், பிறகு விண்ணப்பிப்போம்' என்று திட்ட நிதியில் கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நான் எம்.டி. முடித்த மருத்துவர், பிஎச்.டி. இல்லை. எனக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் எல்லா வாசலும் திறக்காது. மேரி க்யூரி நல்கைக்கு மருத்துவப் பட்டம் மட்டும் பொதுவாகப் போதாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) தரும் எஃப்32 நல்கை எம்.டி.யை ஏற்கும், எனினும் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. பல்கலைக்கழக ஆய்வுப் பணி என்றால், நோயாளிகளைத் தொட்டுப் பரிசோதிக்கும் வேலையா என்பதை முதலில் கேளுங்கள். அப்படியானால் அந்நாட்டு மருத்துவ உரிமம் தேவைப்படும்.

கேள்வி: நேர்காணலில் நான் எதைக் கேட்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத்தான் மிக நீண்ட பதில் எழுத ஆசை. பல்கலைக்கழகத்தின் பெயரில் மயங்கிச் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் எழுதியோர் பட்டியலில் தம் பெயர் முதலில் வரும் ஒரு கட்டுரைகூட இல்லாமல் வெளியேறியவர்களை நான் அறிவேன். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஒரே தலைப்பை இருவரிடம் கொடுத்துப் போட்டியிட வைக்கும் குழுக்கள் இருக்கின்றன. ஆகவே கேளுங்கள்: இங்கிருந்து சென்ற கடைசி ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? வெளியேறும்போது ஆய்வின் ஒரு பகுதியை என்னுடன் எடுத்துச் செல்லலாமா? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எதை வைத்துப் புதுப்பிப்பீர்கள்? பிறகு, பேராசிரியர் உடன் இல்லாத நேரத்தில் குழுவிலிருப்பவர்களிடமும், முடிந்தால் விலகியவர்களிடமும் பேசுங்கள். விலகியவர் தயங்கித் தயங்கிப் பேசினால் அந்தத் தயக்கத்தையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தைக்காக இரண்டு ஆண்டுகள் ஆய்விலிருந்து விலகியிருந்தேன். வாய்ப்பு போய்விட்டதா?

இல்லை. மேரி க்யூரி நல்கை பட்டத்துக்குப் பின் 8 ஆண்டு ஆய்வு அனுபவத்தை வரம்பாக வைத்தாலும், ஆய்வுக்கு வெளியே கழிந்த காலத்தை அதில் சேர்ப்பதில்லை. இடைவெளியை மறைக்காமல், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று தன்விவரக் குறிப்பில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.