பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குச் செபியா நிறம் ஏற்றினால் ஏன் செலோபேன் தாள் ஒட்டியது போல் ஆகிவிடுகிறது?

தாத்தா காலத்து ஸ்டூடியோ படத்தை ஸ்கேன் செய்து, மேலே ஒரு பழுப்பு லேயர் (தனி அடுக்கு) போட்டு, ஒபாசிட்டியை, அதாவது அந்த அடுக்கின் அடர்த்தியை, 40 சதவீதத்துக்குக் குறைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்த பழுப்பில் குற்றமில்லை. லேயரின் பிளெண்ட் மோட், அதாவது அது அடியிலுள்ள படத்தோடு கலக்கும் விதம், ‘நார்மல்’ என்றே இருந்திருக்கும், அதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செபியாவுக்குப் பலரும் எடுக்கும் பழுப்பின் ஆர்ஜிபி மதிப்பு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 112, 66, 20. அதை நார்மல் மோடில் 40 சதவீதம் போட்டால் சுத்தக் கருப்பு 45, 26, 8 ஆக வெளுக்கும். சுத்த வெள்ளை 198, 179, 161 ஆக மங்கும். மேலேயும் கீழேயும் அடைபட்டு, படத்தின் கான்ட்ராஸ்ட் நடுவில் நசுங்குகிறது. கண்ணுக்கு அது வண்ணத்தாளை ஒட்டியது போலத் தெரிவதில் வியப்பில்லை.

எந்த நிறம் என்று யோசிக்கும் முன், அது படத்தில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இருட்டறைக் காலத்தில் இதற்கு இரண்டு தனி வேலைகள் இருந்தன. டோனிங் என்றால் ரசாயனம் படத்தின் வெள்ளித் துகள்களை மாற்றும். வெள்ளி இருக்கும் இடம்தான் நிறம் மாறும், தாளின் வெள்ளை அப்படியே நிற்கும். டின்டிங் என்றால் சாயம் படம் முழுக்க ஊறும். வெள்ளைதான் அதிகமாக நிறமேறும், கருப்பு கருப்பாகவே இருக்கும். மௌனப் படங்களில் பகலில் எடுத்த காட்சியை இரவாகக் காட்ட நீலச் சாயம் ஏற்றியது இந்த இரண்டாம் வகை.

மென்பொருளில் இந்த இரண்டுக்கும் நேரான மோடுகள் இருக்கின்றன. வெளிர்நிற லேயரை, உதாரணமாக 255, 244, 225 என்ற பாலேட்டு நிறத்தை, ‘மல்டிப்ளை’ மோடில் வைத்தால் வெள்ளை நிறமேறும், கருப்பு அசையாது. அது டின்டிங். ஆழ்ந்த நிற லேயரை, 40, 22, 8 மாதிரி, ‘ஸ்கிரீன்’ மோடில் வைத்தால் கருப்பு நிறமேறும், வெள்ளை அசையாது. அது ஏறக்குறைய டோனிங். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் இரண்டு மோடுகளும் உண்டு. உங்கள் படத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

ஆனால் உண்மையான செபியா இதைவிட நுணுக்கமானது. பழைய முறையில் படத்தை முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பொட்டாசியம் புரோமைடு கரைசலில் வெளுக்கவிடுவார்கள். பிறகு சோடியம் சல்ஃபைடில் போட்டால் வெள்ளி, சில்வர் சல்ஃபைடாக மாறிப் பழுப்பாகத் திரும்பி வரும். வெளுப்பது வெளிச்சப் பகுதியில்தான் முதலில் தொடங்கும். பாதியில் எடுத்துவிட்டால் முகமும் வேட்டியும் பழுப்பேறும், தலைமுடியும் கோட்டும் குளிர்ந்த கருப்பாகவே நிற்கும். செலினியம் கரைசலில் டோனிங் செய்தால் இதற்கு நேரெதிர், அடர்த்தியான இருட்டில்தான் முதலில் பிடிக்கும். நல்ல பழைய பிரிண்டுகளில் நாம் ரசிக்கும் அழகு பெரும்பாலும் இந்தச் சீரின்மையில் இருக்கிறது. ஒரே பழுப்பு மூலைக்கு மூலை சமமாகப் பரவியிருந்தால் போலி என்று தெரிந்துவிடும். ‘ஹ்யூ சாச்சுரேஷ’னில் ‘கலரைஸ்’ டிக் அடித்தால் சலிப்பூட்டுவதும் இதனால்தான். அது படம் முழுக்க ஒரே ஹ்யூவைத்தான், அதாவது ஒரே நிறச்சாயலைத்தான், தரும்.

இதை நகலெடுக்க எனக்குப் பிடித்த வழி ‘கிரேடியன்ட் மேப்’. இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒவ்வொரு அளவுக்கும் நீங்கள் சொல்லும் நிறத்தை அது வைக்கும். நான் தொடங்கும் அளவுகள் இவை: 0 சதவீதத்தில் (முழு இருட்டு) 10, 10, 12; 30-ல் 84, 75, 70; 65-ல் 182, 162, 136; 100-ல் (முழு வெளிச்சம்) 255, 250, 240. இருட்டு நிறமில்லாமல் தொடங்கி, நடுவில் வெதுவெதுப்பாகி, கடைசியில் பழைய தாளின் வெண்மையில் முடிகிறது. இப்படி நிறம் வைத்த ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் அந்த இடத்தில் இருக்க வேண்டிய சாம்பலை ஒட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கான்ட்ராஸ்ட் கெடும். அந்தத் தலைவலி வேண்டாமென்றால் கிரேடியன்ட் மேப் லேயரைக் ‘கலர்’ மோடுக்கு மாற்றலாம். பிரகாசம் அடியிலிருக்கும் படத்திலிருந்தே வரும். அப்போது சுத்த வெள்ளை பாலேட்டு நிறமாகாது, அதற்கு மேலே சொன்ன மல்டிப்ளை லேயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிம்ப்பில் ‘கலர்ஸ்’ மெனுவில் ‘மேப்’ என்பதற்குள் கிரேடியன்ட் மேப் இருக்கிறது. அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் கிரேடியன்ட்டைத்தான் அது எடுத்துக்கொள்ளும். லேயரை நகலெடுத்து அதன் மேல் செய்யுங்கள். லைட்ரூமில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் தனித்தனி நிறம் தரும் பழைய ‘ஸ்பிளிட் டோனிங்’ 2020 அக்டோபரிலிருந்து ‘கலர் கிரேடிங்’ ஆகிவிட்டது. அங்கே ஹைலைட்டுக்குச் (வெளிச்சப் பகுதி) செம்மஞ்சள், ஷேடோவுக்கு (இருட்டுப் பகுதி) நீலம், இரண்டுக்கும் சாச்சுரேஷன் (நிறச்செறிவு) 8 முதல் 15 வரை போதும்.

செபியா அலுத்துவிட்டால் சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்த முறையில் கருப்பு என்பதே கிடையாது, மிக ஆழ்ந்த இடமும் பிரஷ்யன் நீலம்தான். கிரேடியன்ட் மேப்பின் இருட்டு முனையில் 10, 30, 70 வைத்து, மறுமுனையில் வெள்ளை வையுங்கள். செடி, இலை, கோயில் கோபுர நிழலுரு எல்லாம் இதில் அருமையாக வரும். தாத்தா முகத்துக்கு வேண்டாம்.

வண்ணப் படத்துக்கும் இதே தர்க்கம்தான். பிரகாசத்தைக் கோடாகக் காட்டி மாற்றவிடும் ‘கர்வ்ஸ்’ கருவியில் நீலச் சேனலை (ஆர்ஜிபியில் நீலத்தின் பங்கு) மட்டும் எடுத்து, கோட்டின் இடது முனையைச் சற்று உயர்த்தினால் இருட்டு நீலமாகும், வலது முனையைத் தாழ்த்தினால் வெளிச்சம் மஞ்சளாகும். கல்யாண ஆல்பங்களில் இப்போது எல்லாவற்றுக்கும் பூசும் ‘டீல் அண்ட் ஆரஞ்ச்’ (நீலப்பச்சையும் ஆரஞ்சும்) பாணி இதன் தூரத்து உறவு. என் கண்ணுக்கு அது ஆகாது. அரக்குப் பட்டு செங்கல் நிறமாகிறது, வாழையிலை நீலம் பாரிக்கிறது. புடவைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ!

உங்கள் ஸ்கேனுக்குத் திரும்பினால், படம் கருப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யாதீர்கள். வண்ணத்தில், ஒவ்வொரு சேனலுக்கும் அதிக நிறப்படிகள் தரும் 16 பிட்டாக எடுங்கள். வயதான தாளின் மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் பளிச்சென்று தெரியும், சிவப்புச் சேனலில் அநேகமாக மறைந்துவிடும். ஆகவே சிவப்புச் சேனலிலிருந்தே கருப்பு வெள்ளையை உருவாக்கினால் கறை துடைக்கும் வேலை பாதி குறையும். அதன்பின் நிறமேற்றுங்கள். ஏற்கெனவே கிரேஸ்கேலாக இருந்தால் முதலில் ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏறாது.

நிறமேற்றும்போது திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதியை அணைத்து வையுங்கள். கொஞ்ச நேரம் பார்த்தாலே கண் பழுப்புக்குப் பழகி, இன்னும் போதாது என்று ஸ்லைடரை ஏற்றச் சொல்லும். படத்தின் ஓரத்தில் 128, 128, 128 சாம்பல் கட்டம் ஒன்றை வைத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்று தெரியும். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தக் கட்டத்தை மறக்காமல் அழித்துவிடுங்கள்.